காரியாலயங்களில் ஈரமும் வியாதியும்

மழைக்காலம் முடிந்தபின் நமது காரியாலயங்களுள் நுழைபவர் எவரும் ஒரு நாற்றத்தை அறிவர். ஊறிய சுவரும், நனைந்து உலர்ந்த காகிதமும், பல நாள் சாத்திக் கிடந்த அலமாரியும் சேர்ந்து எழுப்பும் நாற்றம் அது. மூலையில் கரும்பச்சையாகப் படர்ந்திருக்கும் பூஞ்சணத்தைக் குமாஸ்தா பார்க்கிறார், மேலதிகாரியும் பார்க்கிறார். மழையென்றால் இப்படித்தான் என்று சொல்லி இருவரும் தத்தம் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்கள். மழை இயற்கையின் செயல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒழுகும் கூரையும் உடைந்த குழாயும் மனிதரின் அசிரத்தையால் நேர்வன. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி வாளாவிருப்பதால், உழைத்துப் பிழைக்கும் மக்களின் சுவாசத்துக்கே கேடு விளைகிறது என்பதை இன்று எடுத்துக்கூற விரும்புகிறோம்.

பூஞ்சணத்தின் நுண்ணிய வித்துக்கள் காற்றில் எங்கும் உள்ளன. அவை முளைப்பதற்கு வேண்டியது ஈரம் ஒன்றே. காகிதம், மரம், பசை, பொய்க்கூரைக்கு இடும் அட்டை ஆகியவையெல்லாம் அவற்றுக்கு உணவு. நனைந்த பொருளை இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் வேரூன்றத் தொடங்கும். ஜன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் பூட்டிய அறைகளிலோ பெரும்பாலும் அதே காற்றுத்தான் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. இக்காற்றைச் சுவாசிப்பவருள் சிலருக்கு ஓயாத தும்மலும் மூக்கடைப்பும் உண்டாகின்றன. சிலருக்கு இழுப்பு வருகிறது, முன்பே இழுப்புள்ளவர்க்கு அது முற்றுகிறது. மிகச் சிலருக்கு நுரையீரலின் நுண்ணறைகளே அழற்சியுறுகின்றன. காரணத்தை நீக்காவிடின் அந்த அழற்சி நாளடைவில் தழும்பாக இறுகிவிடும். இறுகிய நுரையீரலை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை.

இவ்வியாதியின் கொடுமை அது தன்னை மறைத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. காலையில் பூஞ்சணத் தூசியைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்தே தோன்றக்கூடும். அப்பொழுது அவர் வீடு திரும்பியிருப்பார். வீட்டில் வந்த காய்ச்சலுக்கு வேலையிடத்தை யார் சந்தேகிப்பார்கள்? வைத்தியரிடம் சென்றால், காசநோய் மலிந்த நமது நாட்டில் முதலில் அந்நோயே நினைவுக்கு வருகிறது. இவ்விதம் காசநோயென்று தவறாகக் கருதப்பட்டு, மாதக்கணக்கில் அதற்கான மருந்தை உண்டு, மீண்டும் அதே அறையில் போய் அமரும் துர்ப்பாக்கியர்களும் உண்டு. விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் வரும் இருமலானால், அது எங்கிருந்து வருகிறது என்பதை அக்கணக்கே காட்டிவிடும். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளுடன் ‘உன் தொழில் யாது?’ என்பதையும் சேர்க்க வேண்டுமென்று இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700-ம் வருஷத்திலேயே எழுதிவைத்தார். முந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அக்கேள்வி நமது வைத்தியசாலைகளில் அபூர்வமாகவே கேட்கப்படுகிறது.

இது கற்பனைப் பயமன்று. கரும்புச் சக்கையைக் கையாளும் தொழிலாளரின் நுரையீரல் வியாதியை அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்து வைத்தியர்கள் 1941-ல் விவரித்தார்கள். கட்டுக்கட்டாகச் சேமித்த சக்கையில் வளரும் நுண்ணுயிர்களின் தூசியே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. சக்கையைச் சேமிக்கும் முறையையும் கையாளும் முறையையும் மாற்றியபின், அம்மாகாணத்தின் காகித ஆலைத் தொழிலாளரிடையே அவ்வியாதி மறைந்ததை 1970-களில் பதிவு செய்தார்கள். தொழிலும் தொழிலாளரும் மாறவில்லை. காற்று மாறியது, வியாதி போயிற்று.

நமது நாட்டின் நிலை என்ன? நுரையீரல் திசு இறுகும் வியாதிகளைக் குறித்து 19 இந்திய நகரங்களில் 27 வைத்திய நிலையங்கள் சேகரித்த விவரங்கள் 2017-ல் வெளியாயின. 1,084 நோயாளிகளில் நூற்றுக்கு 47 பேருக்கு, சுவாசிக்கும் காற்றிலுள்ள பொருள்களின் ஒவ்வாமையால் உண்டாகும் அழற்சியே வியாதியாக இருந்தது. அந்த அழற்சியுற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏர்கூலர்க் காற்றில் இருந்தவர்கள். நீரில் நனைந்த பட்டைகளின் வழியே காற்றை இழுத்து வீசும் அக்கருவியைச் சுத்தம் செய்யாமல் விட்டால், அது பூஞ்சணத்தை வளர்த்து முகத்தில் வீசும் யந்திரமாகிவிடுகிறது. வீட்டிலாயினும் வேலையிடத்திலாயினும் விளைவு ஒன்றே.

இதைச் சொன்னால், அதே அறையில் இருபது பேர் இருக்கிறார்கள், பத்தொன்பது பேருக்கு ஒன்றும் வரவில்லையே என்பார் முதலாளி. பத்தொன்பது பேர் தாங்குவதால் இருபதாமவன் பொய்யனாகிவிட மாட்டான். எல்லா உடலும் ஒன்றுபோல் இராது. எவ்வளவு பூஞ்சணம் இருந்தால் அபாயம் என்று அளவு கூறுங்கள் என்பார் வேறொருவர். அவருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2009-லேயே விடை கூறியிருக்கிறது. இன்ன அளவு வரை தீங்கில்லை என்று வரையறுக்க இயலாதாகையால், ஈரத்தையே தடுக்கவும் களையவும் வேண்டும் என்பதே அதன் முடிவு. சுவரைத் தொட்டுப் பார்க்கக் கையும், முகர்ந்து பார்க்க மூக்கும் போதும். கறையின்மேல் வர்ணம் பூசுவது பரிகாரமாகாது. புண்ணை ஆற்றாமல் பட்டுத்துணியால் மூடுவது போன்றது அது.

சட்டம் என்ன செய்தது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், புதிய காற்று வேண்டுமென்றது. தூசியை அகற்றச் சொன்னது. பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை சுவருக்கு வெள்ளையடிக்கவும் விதித்தது. வெள்ளையடிக்கக் கெடு வைத்த அந்தப் பிரிவு, சுவருக்குள் ஊறும் மழைநீரைப் பற்றிப் பேசவில்லை. அச்சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு, காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றின் தரத்தை விதிகளுக்கே விட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் விட வியக்கத்தக்கது ஒன்றுண்டு. மத்திய, மாகாண சர்க்கார்களின் காரியாலயங்களுக்கு அத்தொகுப்பு பொருந்தாது. ஒப்பந்தக்காரர் மூலம் அங்கு வேலை செய்பவர்களுக்கு மட்டுமே விலக்கின்றிப் பொருந்தும். சர்க்கார் காரியாலயங்களோடு அதே வரியில் விலக்குப் பெற்றவை யுத்தக் கப்பல்கள்! சென்னைச் சட்டசபை 1947-ல் இயற்றிய கடைகள், ஸ்தாபனங்கள் சட்டமும் சர்க்கார் ஸ்தாபனங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. தாலூகாக் கச்சேரியின் பதிவேட்டு அறையில் பழைய கட்டுகளைப் புரட்டும் குமாஸ்தாவின் நுரையீரலும், தனியார் ஆலைத் தொழிலாளியின் நுரையீரலும் வேறு வேறு வஸ்துவால் ஆனவையா என்று கேட்கிறோம்.

நாம் கோருவது பெரிய காரியமன்று. சர்க்கார் தன் கட்டடங்களிலிருந்தே தொடங்கட்டும். பிறருக்கு விதிக்கும் கடமையைத் தானும் ஏற்கட்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வேலையிடத்திலும் கூரை, குழாய், குளிர்சாதனம் ஆகியவற்றைப் பரிசோதித்து, அதன் குறிப்பை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய அறையை உலர்த்தாமல் திறக்கலாகாது. ஈரம், பூஞ்சணம் என்னும் இரு சொற்களும் விதிகளில் ஐயத்துக்கிடமின்றி இடம்பெற வேண்டும். கரும்புச் சக்கை வியாதியும், கரிமத் தூசியால் வரும் நுரையீரல் அழற்சியும் 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் பிற்காலத்தில் தொழில்வியாதிகளாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் தொழில் எதுவென்று வைத்தியர் கேட்டு எழுதாத வரையில் அந்த உரிமை காகிதத்திலேயே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு வைத்தியசாலைச் சீட்டிலும் தொழிலுக்கென ஓர் இடம் வேண்டும்.

தொழிற்சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. கூலிக்கும் போனஸுக்கும் போராடும் நீங்கள், உங்கள் கோரிக்கைப் பட்டியலில் காற்றையும் சேருங்கள். யாருக்கு, எந்த அறையில், எந்தக் கிழமைகளில் இருமல் வருகிறதென்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டு எந்த மகஜரையும் விட வலிமையுள்ளதாக இருக்கும்.

சம்பளத்துக்காக ஒருவன் தன் உழைப்பை விற்கிறான். தன் மூச்சை விற்பதாக அவன் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடவில்லை. அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சர்க்காரும் முதலாளிமாரும் அதற்குள் கூரைகளைச் செப்பனிட்டுச் சுவர்களை உலர்த்துவார்களாக.