மலையின் மேல் பழி போட வேண்டாம்

மலை சரிந்து ரயில் கவிழ்ந்தால், ‘இயற்கையின் சீற்றம்’ என்ற சொல்லை அதிகாரிகள் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் செத்தவர் கணக்கும் முடிந்துவிடுகிறது. பொறுப்பாளர் யார் என்ற கேள்வியும் முடிந்துவிடுகிறது. இதை நாம் ஏற்க முடியுமா?

2003 ஜூன் 22 இரவு, கார்வாரிலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த விடுமுறைச் சிறப்பு ரயில், சிந்துதுர்க் மாவட்டம் வைபவ்வாடி அருகே தண்டவாளத்தில் சரிந்து கிடந்த பாறைகளில் மோதித் தடம்புரண்டது. 50 பேருக்கு மேல் மாண்டனர். அந்தக் கண்ணீர் காய்வதற்குள், 2004 ஜூன் 16 அன்று, மங்களூரிலிருந்து வந்த மத்ஸ்யகந்தா விரைவு ரயில் ராய்கட் மாவட்டம் கரஞ்சாடி அருகே பாறையில் மோதிப் பாலத்திலிருந்து விழுந்தது. மேலும் பல குடும்பங்கள் அனாதையாயின.

கொங்கண் ரயில் பாதை 1998 ஜனவரி 26 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. 91 சுரங்கங்கள், ஏறத்தாழ 2,000 பாலங்கள் கொண்ட அந்தப் பாதை பொறியாளர்களின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் மலையைச் செங்குத்தாக வெட்டியவன் மனிதன். வெட்டிய சரிவில் மழைநீர் ஊறினால் மண் இளகும், பாறை உருளும் என்பது அறியாத இரகசியமா? ஆண்டுதோறும் ஜூனில் வரும் பருவமழை திடீர் விருந்தாளியா?

அந்த இரு விபத்துகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். சரிவுகளைச் சாய்வாகச் செதுக்கினார்கள். கம்பி வலை போர்த்தினார்கள். மழைக்காலத்துக்கெனத் தனிக் கால அட்டவணையில் ரயில்களை மெதுவாக ஓட்டினார்கள். கனமழையில் பாதை தெரியாவிட்டால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்றார்கள். இரவும் பகலும் நடந்து பார்க்கக் காவலர்களை நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய உயிர்ச்சேதம் அதன்பின் அங்கே சரிவினால் நேரவில்லை. அப்படியானால் தடுக்கக்கூடியதாகத்தானே அது இருந்தது! உயிர்களைக் காவு கொடுத்த பிறகுதான் பாடம் படிக்க வேண்டுமா?

ஆபத்து தீர்ந்துவிடவும் இல்லை. 2021 ஜூனில் ரத்னகிரி அருகே கர்புடே சுரங்கத்துக்குள் ராஜதானி ரயில் பாறையில் மோதித் தடம்புரண்டது. 2024 ஜூலையில் கேட் அருகே மண் சரிந்து ஒரு நாளுக்கு மேல் போக்குவரத்து நின்றது. திருநெல்வேலிக்கும் கோவைக்கும் போகும் நம் மக்கள் பனவேலில் ஏறுவது இந்தப் பாதையில்தான். எனவே இது நம் வீட்டு விவகாரமும் ஆகும்.

நம் கோரிக்கைகள் மூன்று. கொட்டும் மழையில் விளக்கும் கையுமாய்த் தண்டவாளத்தில் நடக்கும் காவலனே ஆயிரம் பயணிகளின் முதல் பாதுகாப்பு. அவனுக்கு நிலையான வேலையும் தக்க ஊதியமும் வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் முன்பு சரிவுகளைச் சோதித்த விவரம் வெளியிடப்பட வேண்டும். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கைகள், பயணிகள் படிக்கக்கூடிய மொழிகளில், தாமதமின்றி வெளிவர வேண்டும்.

உறுப்பினர்கள் மனத்தில் பதிக்க வேண்டியதும் உண்டு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி, ரயில் விபத்தில் நிர்வாகத்தின் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு. ‘இயற்கையின் சீற்றம்’ என்று சொல்லிக் கையை விரிக்க முடியாது. உயிரிழப்புக்கான தொகை 2017 ஜனவரி 1 முதல் 8 இலட்சம் ரூபாய். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மும்பையிலும் சென்னையிலும் அதற்கு அமர்வுகள் உள்ளன. இறந்தவரிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது என 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்பவருக்குச் சில காசுகளில் கிடைக்கும் காப்பீடோ, பொதுப் பெட்டியில் நெருக்கியடித்துச் செல்லும் கூலித் தொழிலாளிக்கு இல்லை. அவனுக்குத் துணை இந்தச் சட்டமும், அதை எடுத்துச் சொல்லும் நாமும்தான்.

மழை பெய்யட்டும், மலை நனையட்டும். அதனடியில் ஓடும் ரயிலைக் காப்பது ஆள்வோர் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.