மனையை விற்றாகிவிட்டது... சாலை எங்கே?

தமிழ்நாட்டில் எந்த ஊர் புறவழிச்சாலையில் பஸ்ஸில் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். போன வருடம் வரை கம்பங்கொல்லையாகவோ முள்ளுக்காடாகவோ கிடந்த இடம். இப்போது வாசலில் ஒரு பெரிய வளைவு, வரிசையாக வண்ணக்கொடிகள், மஞ்சள் அடித்த எல்லைக்கற்கள். நடுவே பளபளவென்று கறுப்பாக ஒரு தார்ச்சாலை. கையில் கொடுக்கும் நோட்டீஸில் "30 அடி சாலை, தெருவிளக்கு, பூங்கா, பத்திரச்செலவு இலவசம்" என்று போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். சாப்பாடும் போடுவார்கள்!

அந்தச் சாலையை அதே ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. இரண்டு மழைக்காலம் போகட்டும். தார் உரிந்து ஜல்லி எட்டிப் பார்க்கும். மூன்றாவது மழையில் ஜல்லியும் போய் செம்மண் குழியாகிவிடும். வீடு கட்ட செங்கல் லாரி வரும்போது சக்கரம் புதையும். ஆட்டோக்காரர் "மெயின் ரோட்டிலேயே இறங்கிக்கங்க" என்பார். இருபது வருடச் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனால், "அது இன்னும் எங்க ரோடு இல்லையே" என்று பதில் வரும். மனை விற்றவரைத் தேடினால் அவர் அடுத்த ஊரில் அடுத்த வளைவைக் கட்டிக்கொண்டிருப்பார்.

யார் தவறு இது? "பேராசைக்காரர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் கோளாறு ஆட்களிடம் மட்டும் இல்லை, முறையிலும் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை

மனையாகப் பிரித்து விற்பவர்தான் தெருவையும் அமைத்துத் தர வேண்டும் என்பது புதிய கோரிக்கை இல்லை. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே அது இருந்தது. வீட்டுமனையாக நிலத்தை விற்பவர், அந்த மனைகளுக்குப் போய்வர தெரு அமைத்து, ஏற்கெனவே இருக்கும் தெருவோடு இணைக்க வேண்டும் என்று அது சொன்னது. அந்தச் சட்டம் போய், 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. சாலைக்கு எவ்வளவு அகலம், பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்று சொல்ல 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் இருக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீடாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

2016ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உள்கட்டமைப்புப் பணி என்றால் என்ன என்று பட்டியலே போட்டிருக்கிறது. சாலை, நடைபாதை, குடிநீர், கழிவுநீர், வடிகால், தெருவிளக்கு, மரம் நடுவது எல்லாம் அதில் உண்டு. மனையை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் வேலையின் தரத்தில் குறை தெரிந்து புகார் செய்தால், விற்றவர் 30 நாளில் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்துக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. அது சுமார் 12 சென்ட். 12 சென்டில் யார் லே-அவுட் போடப் போகிறார்கள்?

இவ்வளவு இருந்தும் ஏன் குழி?

அகலம் தெரியும், ஆழம் தெரியாது

வரைபடத்தில் சாலையின் அகலம் தெரியும். டேப் பிடித்தால் யாரும் அளந்துவிடலாம். அதனால் நோட்டீஸிலும் அகலம்தான் வரும், அப்ரூவல் ஃபைலிலும் பேச்செல்லாம் அகலத்தைப் பற்றித்தான். ஆனால் சாலையின் ஆயுளைத் தீர்மானிப்பது மேலே தெரியும் தார் இல்லை. கீழே புதைந்து கிடக்கும் மண்ணும் ஜல்லியும்தான்.

சிவில் படிக்கும் மாணவர்கள் லேபில் செய்யும் இரண்டு சோதனைகளை நினைத்துப் பாருங்கள். முதலாவது பிராக்டர் சோதனை. 1930களில் கலிபோர்னியாவில் மண் அணைகள் கட்டிய காலத்துப் பொறியாளர் பிராக்டர் பெயரில் வந்தது. ஒரு மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கும்போது உருட்டினால் அது மிக நன்றாக இறுகும் என்று சொல்லும். நெடுஞ்சாலை விவரக்குறிப்பில் சாலைக்குக் கீழே உள்ள அடிமண், சோதனைச்சாலையில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 97 சதவீதமாவது வர வேண்டும். இரண்டாவது சி.பி.ஆர். சோதனை. இறுக்கிய மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அதன் மேல் ஒரு உருளையை அழுத்திப் பார்ப்பார்கள். எதற்கு ஊறவைக்க வேண்டும்? மழைக்காலத்தில் மண் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ளத்தான். மண் எவ்வளவு பலவீனமோ, மேலே ஜல்லி அடுக்கு அவ்வளவு தடிமனாக வேண்டும்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன் மேல் அப்படியே ஜல்லி கொட்டினால் ஜல்லி மண்ணுக்குள் போய்விடும், மண் மேலே வந்துவிடும். ஆற்றோரத்து மணல் கலந்த மண்ணுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ஆக ஒரே தடிமன் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆனால் எத்தனை மனைப்பிரிவுகளில் சாலை போடும் முன் மண்ணைச் சோதித்துப் பார்க்கிறார்கள்? ஜே.சி.பி. வைத்து மேல்மண்ணைச் சுரண்டி, ஒரு லோடு கிராவல் கொட்டி, ரோலர் இரண்டு தடவை ஓட்டி, மேலே மெல்லியதாக ஒரு தார்ப் பூச்சு... வேலை முடிந்தது!

அடுத்தது வாட்டம். சாலையின் நடுப்பகுதி உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும். மழை அதிகமுள்ள இடத்தில் தார்ச்சாலைக்கு 100க்கு 2 முதல் 2.5 வரை சரிவு கொடுக்கச் சொல்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் தரநிலை. 6 மீட்டர் அகலத்துக்குத் தார் போட்டால் நடுவில் 6 முதல் 7.5 சென்டிமீட்டர் உயரம் வர வேண்டும். இதற்குத் தனியாகப் பணம் செலவாகாது, கவனம் இருந்தால் போதும். அந்தச் சரிவு இல்லையென்றால் தண்ணீர் சாலையிலேயே நிற்கும். தாருக்குத் தேங்கிய தண்ணீரைப் போல் எதிரி வேறில்லை.

தண்ணீர் எங்கே போகும்?

சரி, ஓரத்துக்கு வந்த தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு நோட்டீஸில் பதில் இருக்காது. "வடிகால் வசதி" என்று போட்டிருந்தாலும் அது மனைப்பிரிவின் எல்லையோடு முடிந்துவிடும். முட்டுச்சந்து போல முட்டுக்கால்வாய்! வயலாக இருந்தபோது அந்த நிலத்துக்கென்று ஒரு வாய்க்கால் இருந்திருக்கும், மடை இருந்திருக்கும், பக்கத்து ஏரிக்கு வழி இருந்திருக்கும். சதுரம் சதுரமாகக் கோடு போடும்போது முதலில் அழிவது அவைதான்.

2015 டிசம்பரில் அடையாற்றின் கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி மக்கள் மாடியில் ஏறி நின்றதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அங்கே மூழ்கியது குடிசைகள் மட்டும் இல்லை. வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள்தான் ஏராளம். ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் முன் தெருவின் மட்டம் என்ன, பக்கத்து ஏரியின் கலங்கல் மட்டம் என்ன, ஆற்றின் வெள்ள மட்டம் என்ன என்று மூன்று எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மட்டம் பற்றி இன்னொன்று. முதலில் ஒழுங்காகப் போடாத சாலைக்கு மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டால் தெரு உயரும், வீடு தாழும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021ல் அறிவுறுத்த வேண்டி வந்தது இதனால்தான். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, அவற்றைப் போட்ட பிறகுதான் தார் என்ற வரிசையும் முக்கியம். இங்கே நடப்பது தலைகீழ். முதலில் தார், பிறகு கடப்பாரை.

கோளாறு எங்கே?

இப்போது முறைக்கு வருவோம். மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் வாங்க, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் பூங்கா இடமும் மனையாகிவிடும். ஆனால் பத்திரத்தில் கைமாறுவது நிலம். அதன் மேல் இருக்கும் சாலை எத்தனை வருடம் தாங்கும் என்று பத்திரம் சொல்லாது. எழுதிக் கொடுத்ததும் விற்பவருக்கு "இனி உள்ளாட்சி பாடு". உள்ளாட்சிக்கோ வருமானம் குறைவு. வீடுகள் வந்து வரி வந்த பிறகு பார்க்கலாம் என்ற எண்ணம். இந்த இரண்டுக்கும் நடுவே மனை வாங்கியவர் நிற்கிறார்.

அங்கீகாரமே இல்லாத மனைப்பிரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. பிறகு 2017ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனை சட்டப்படி சரியாகிவிடும். ஆனால் கட்டணம் கட்டியதால் 16 அடிச் சந்து 30 அடியாகுமா? ஆம்புலன்ஸ் திரும்புமா? காகிதம் சரியாகும், தெரு அப்படியேதான் இருக்கும். முதலில் தடுக்காததைப் பிறகு சரிசெய்ய முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள்

ஹைதராபாத்தில் மனைப்பிரிவு போடுபவர் மனைகளில் 15 சதவீதத்தை வளர்ச்சி ஆணையத்திடம் அடமானமாக வைக்க வேண்டும். சாலை, வடிகால் எல்லாம் முடித்துக் காட்டினால்தான் அவை விடுவிக்கப்படும். பெங்களூரில் நீண்ட காலம் இருந்த முறையில், முதலில் 40 சதவீத மனைகளை மட்டும் விற்க விடுவார்கள். வேலை நடக்க நடக்க 30, மறுபடி 30. அங்கே குழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தத்துவம் சரி. வேலை முடியும் வரை விற்பவரின் சொத்து ஏதாவது ஒன்று அரசின் பிடியில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் தேவையானவை நான்கு.

1. அனுமதி வரைபடத்தோடு சாலையின் குறுக்குவெட்டுப் படமும் மண் சோதனை முடிவும் கட்டாயம் வேண்டும். அகலத்தோடு ஆழமும் ஃபைலில் ஏற வேண்டும்.

2. ஒவ்வொரு அடுக்கும் போடும்போது உள்ளாட்சிப் பொறியாளர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். தார் போட்டு மூடிய பிறகு வந்து பார்ப்பதில் பயனில்லை.

3. ஒரு பங்கு மனைகளை அடமானமாக வைத்து, ஒரு முழு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகே விடுவிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையைவிடக் கறாரான இன்ஸ்பெக்டர் யாரும் கிடையாது.

4. இந்தச் சோதனை முடிவுகளை மனை வாங்குபவர் இணையத்தில் பார்க்க முடிய வேண்டும்.

விலை ஏறிவிடாதா?

"இப்படியெல்லாம் செய்தால் மனை விலை ஏறும், ஏழை எப்படி வாங்குவான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 அடி முகப்பும் 40 அடி நீளமும் உள்ள 1,200 சதுர அடி மனை. எதிரே 30 அடிச் சாலை. அதில் பாதி எதிர்வீட்டுக்காரர் பங்கு. ஆக இந்த மனையின் பங்கு 30க்கு 15, அதாவது 450 சதுர அடிச் சாலை. நல்ல சாலைக்கும் வடிகாலுக்கும் சதுர அடிக்கு 50 ரூபாய் கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 22,500 ரூபாய். மனை விலையில் சதுர அடிக்கு 19 ரூபாய்கூட ஏறாது. தங்கக்காசு கொடுக்க முடிகிறவர்களுக்கு இது பெரிய தொகையா?

ஏழைக்கு மலிவாக விற்கிறோம் என்பதும் பாதி உண்மைதான். அவர் சாலைக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்கவில்லை. தவணை முறையில் கொடுக்கிறார். லோடுக்கு வண்டிக்காரர் கேட்கும் கூடுதல் வாடகை, முழங்கால் தண்ணீரில் போகும் மோட்டார் பைக்கின் ரிப்பேர், வீட்டு முன்னால் கொட்டும் கட்டிட இடிபாடு, மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை... இதெல்லாம் யார் கணக்கில் வருகிறது?

மனை பார்க்கப் போகிறவர்கள் வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் போகாமல், மழை பெய்த மறுநாள் காலையில் போவது நல்லது. அதே ஆள் ஐந்து வருடத்துக்கு முன் விற்ற பழைய மனைப்பிரிவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். அந்தத் தெரு இன்று எப்படி இருக்கிறதோ, இந்தத் தெருவும் ஐந்து வருடத்தில் அப்படித்தான் இருக்கும். எந்த நோட்டீஸும் இதைவிட உண்மையாகப் பேசாது.