குறுக்குவழியில் படித்த சொல் எத்தனை நாள் நிற்கும்?

‘ஒரு சொல்லுக்கு ஒரு குறுக்குவழி பிடித்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது’ என்று ஜிஆர்இ, வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்கிறார்கள். நயந்து பேசி இணங்கவைப்பதைக் குறிக்கும் ‘கஜோல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நடிகை கஜோலை நினைத்துக்கொண்டால் போதுமாம். இந்த உத்தியில் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1975இல் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் அட்கின்சனும் அவருடைய சகாவும் வெளியிட்ட சோதனையில், 120 ரஷ்யச் சொற்களை ஒலி ஒற்றுமையோடும் மனப்படத்தோடும் படித்தவர்கள் 72 விழுக்காடு சொற்களுக்குப் பொருள் சொன்னார்கள். மற்றவர்கள் 46 விழுக்காடுதான். ஆனால் அதே சோதனையில் ஆறு வாரம் கழித்துக் கேட்டபோது 72 என்பது 43 ஆகிவிட்டது. மற்றவர்களின் 28ஐவிட அது மேல்தான். ஆனாலும் பாதிக்கு மேல் நினைவில் இல்லை என்னும்போது, ஆயுள் உத்தரவாதம் எங்கிருந்து வந்தது?

மறக்காமலே இருந்தாலும், பொருள் தெரிந்தால் சொல் வசமாகிவிட்டது என்பது அதைவிடப் பெரிய தவறு. யாரை, எதைச் செய்யும்படி ‘கஜோல்’ செய்தார்கள் என்று வாக்கியம் அமைக்க ‘இன்டு’ என்ற ஆங்கில முன்னிடைச்சொல் தேவை. அந்த நயப்பேச்சில் முகஸ்துதியின் சாயல் உண்டு. நடிகையின் முகத்தில் இவை இரண்டுமே இல்லை. ஜிஆர்இ தேர்வே 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் கேள்விகளைக் கைவிட்டு, வாக்கியத்துக்குள் சொல் பொருந்துகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டது. மரபுத்தொடர்களில் சேதம் இன்னும் அதிகம். பூனையும் நாயுமாக மழை கொட்டுவதாகச் சொல்லும் தொடருக்கு, கூரையில் படுத்திருந்த பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை; ஆதாரமே இல்லாமல் மின்னஞ்சலில் பரவியது அது. கதை பொய்யானாலும் மனதில் ஒட்டினால் சரிதானே என்பார்கள். ஒட்டுவது ‘பலத்த மழை’ என்ற பொருள் மட்டுமே. அது பழகிப்போன பேச்சுவழக்கு, தேர்வுக் கட்டுரைக்குப் பொருந்தாது என்பதை அந்தக் கதை சொல்லாது.

‘தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, நிறையப் படிக்க நேரமில்லை’ என்பது நியாயமான ஆட்சேபம். நேரமில்லாதவர்களுக்குத்தான் உளவியலாளர்கள் கார்ப்பிக்கும் ரோடிகரும் 2008இல் வெளியிட்ட முடிவு உதவும். 40 ஸ்வாஹிலிச் சொற்களைக் கற்ற பிறகும் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். சோதிப்பதை நிறுத்தி, படிக்க மட்டும் செய்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் வேடிக்கைக் கதை ஜோடிக்கும் நேரத்தில், பொருளை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கலாம்; இரண்டு நாள் விட்டு மறுபடி பார்க்கலாம்; ஒரு வாக்கியம் எழுதலாம். அதற்குப் பிறகும் பிடிபடாமல் நழுவுகிற பத்திருபது சொற்களுக்குக் குறுக்குவழியை வைத்துக்கொள்ளட்டும்.