மைவியா, இரிஸா? தம்பி கேட்கும் வேகமும் தாயார் கேட்கும் கணக்கும்



பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு வயது இருபத்து மூன்று. தஞ்சோங் மாலிம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. இதுவரை மோட்டார் சைக்கிளில் போய் வந்தவன் இப்போது கார் வேண்டும் என்கிறானாம். ஒரு நாள் மைவி என்கிறான், மறுநாள் இரிஸ் என்கிறான். கூட்டாளிகள் வந்து போனால் சத்ரியா ஜிடிஐ என்கிறான். "வீட்டுக்கும் ஆக வேண்டும், ஓட்டினால் விர்ரென்று போகவும் வேண்டும் என்கிறான். இரண்டும் ஒரே காரில் கிடைக்குமா? ஜாமீன் கையெழுத்து நான்தான் போட வேண்டுமாம், போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்வி பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பதால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

பின்கதவை மேலே தூக்கிச் சாமான் வைக்கும் சின்னக் கார்களைத்தான் ஹேட்ச்பேக் என்கிறார்கள். 1994இல் வந்த கஞ்சில் 660 சிசிதான். அதிலே ஐந்து பேர் ஏறிப் பத்துமலைக்குப் போய் வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ! அந்தக் கஞ்சிலை யாரும் வேகத்துக்காக வாங்கவில்லை, மழையில் நனையாமல் போனால் போதும் என்று வாங்கினார்கள். பிள்ளைகளின் காலம் வேறு. அதில் குறை காண நான் வரவில்லை. நன்றாக ஓடும் வண்டி மீது ஆசைப்படுவது இளமைக்கு உரியதுதான்.

முதலில் சத்ரியா ஜிடிஐயைப் பேசி முடித்து விடுவோம். 1990களின் கடைசியில் புரோட்டோன் விட்ட கார் அது. 1.8 லிட்டர் இன்ஜின், ஏறக்குறைய 140 குதிரைச் சக்தி, லோட்டஸ் நிறுவனத்தார் கைவைத்துச் சீர்செய்த ஓட்டம். இன்றைக்கும் வளைவில் அதை ஓட்டினால் முகத்தில் சிரிப்பு வரும் என்பார்கள், அது பொய்யில்லை. ஆனால் தம்பிமார்களே, அந்த வண்டிக்கு வயது இருபதைத் தாண்டி விட்டது. சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ வேஷம் கட்டி விற்பவர்களும் உண்டு. பக்கவாட்டில் இரண்டே கதவு. முழங்கால் வலிக்கும் பாட்டியை முன் ஆசனத்தை மடக்கிப் பின்னால் ஏற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, பட்டறையில் பழகிய கையும் இருந்தால் அதை ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே கார் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

ஆக, உண்மையான போட்டி மைவிக்கும் இரிஸுக்கும்தான்.

பெரோடுவா மைவி 2005இல் வந்தது. 2011இல் இரண்டாந் தலைமுறை, 2017 நவம்பரில் மூன்றாந் தலைமுறை. புரோட்டோன் இரிஸ் 2014 செப்டம்பரில் வந்தது, தஞ்சோங் மாலிம் ஆலையில் செய்தது. கடிதம் எழுதிய தாயாரின் மகன் தினமும் அந்தப் பக்கம்தான் போய் வருகிறான், அதனால்தான் இரிஸ் மீது ஒரு கண் போலும்! நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாங்கை வண்டிதான் வாங்குகிறோம் என்பதால் அந்தக் கணக்கிலேயே பேசுகிறேன்.

இளைஞர்கள் முதலில் பார்ப்பது குதிரைச் சக்தி. மூன்றாந் தலைமுறை மைவி 1.5க்கு 102, இரிஸ் 1.6க்கு 107. 'இரிஸ்தான் வேகம்' என்று சொல்லிவிட வேண்டாம். இழுக்கும் மாடு மட்டும் கணக்கில்லை, வண்டிப் பாரமும் கணக்கு. மைவி ஏறக்குறைய ஒரு டன். இரிஸ் அதைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதல். அதாவது இரிஸ் எப்போதும் கொழுத்த ஆள் இருவரைக் கூடவே சுமந்து ஓடுகிறது. ஐந்து குதிரை கூடுதல் அதிலேயே கரைந்து போகும். பட்டணத்துச் சிக்னலிலிருந்து கிளம்பும்போது மைவி சட்டென்று பாய்வதற்குக் காரணம் இதுதான். நம் நாட்டில் மைவிக்காரர்களைப் பற்றி இத்தனை கேலிப் பேச்சு உலவுவதற்கும் இந்தப் பாய்ச்சலே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பாரத்துக்கும் ஒரு பயன் உண்டு. நெடுஞ்சாலையில் பெரிய பஸ் பக்கத்தில் உரசிப் போகும்போது, காற்றோடு மழை அடிக்கும்போது, இரிஸ் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வளைவில் திருப்பினால் சொன்ன இடத்துக்குப் போகும். புரோட்டோன் வெகு காலம் லோட்டஸை வைத்திருந்த நிறுவனம். அந்தப் பாடம் இரிஸின் அடிப்பாகத்தில் தெரிகிறது. மைவியோ இலேசான வண்டி. அதிலும் பழைய மைவிகள் உயரமாக, வளைவில் சாய்ந்தாடும். மூன்றாந் தலைமுறையில் அது குறைந்திருக்கிறது, ஆனாலும் இரிஸுக்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டும் இன்பம் ஒன்றையே கேட்டால் என் கை இரிஸ் பக்கம்தான் நீளும்.

கியர் விஷயத்தைக் கவனியுங்கள், கார் தரகர்கள் இதைச் சொல்வதில்லை. 2017 முதல் 2021 வரை வந்த மைவி 1.5இல் நாலே கியர் உள்ள ஆட்டோ. 2021 நவம்பரில் சிவிடிக்கு மாற்றினார்கள். இரிஸ் ஆட்டோவில் தொடக்கம் முதலே சிவிடிதான். பல்சக்கரக் கியருக்குப் பதிலாக இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடுவதே சிவிடி. பெட்ரோல் மிச்சமாகும், குலுக்கல் இராது. ஆனால் காலை அழுத்தினால் இன்ஜின் முதலில் கத்தும், வண்டி அப்புறம்தான் நகரும். இரிஸின் சிவிடி கத்தல் கொஞ்சம் அதிகம். இளைஞனுக்கு அது பிடிக்காது. இரிஸின் ஆரம்ப ஆண்டுகளில் 1.6க்கு ஐந்து கியர் மேனுவல் கிடைத்தது. அதே போல 2011க்குப் பிறகு வந்த இரண்டாந் தலைமுறை மைவி 1.5லும் மேனுவல் உண்டு. ஓட்டும் சுவை தெரிந்தவர்கள் தேடிப் பிடிப்பது இந்த இரண்டைத்தான்.

வேகம் எதற்குத் தேவை என்று இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வேலைக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90இல் போனால் 20 நிமிடம். 110இல் போனால் பதினாறரை நிமிடம் கூட ஆகாது. மிச்சம் நாலு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் பிரேக் அடித்தபின் வண்டி நிற்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 90இல் ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறோம். மாடு குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 25 மீட்டர் போய்விடும். மாநிலச் சாலையில் 90, நெடுஞ்சாலையில் 110 என்று வேக வரம்பு வைத்திருப்பது சம்மன் எழுத மட்டுமல்ல.

அதற்காக இன்ஜினில் வலு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேட்டிலே ஊர்ந்து போகிறது, எதிரே சாலை காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில் 60இலிருந்து 90க்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் உயிர் காக்கும் வலு. அப்பா, அம்மா, தங்கை, அரிசி மூட்டை எல்லாம் ஏறியிருக்கும்போது 1.3 வண்டி இங்கேதான் திணறும். ஆகவே 1.5 அல்லது 1.6 கேட்கும் தம்பியின் பேச்சில் நியாயம் இருக்கிறது, அம்மா. சாலை வரியிலும் பெரிய வித்தியாசமில்லை. தீபகற்பத்தில் 1.3க்கு ஆண்டுக்கு 70 வெள்ளி, 1.5க்கும் 1.6க்கும் 90 வெள்ளி.

பாதுகாப்பில் இரிஸ் முந்திக்கொண்டது. 2014இல் வந்த முதல் வண்டியிலிருந்தே எல்லா வகையிலும், சறுக்கும்போது தானாகவே சக்கரத்தைப் பிடித்து நேராக்கும் மின் கட்டுப்பாடு உண்டு. செம்மண் சேறு படிந்த தார்ச்சாலையில் இது பெரிய காவல். இரண்டாந் தலைமுறை மைவியில் இது கிடையாது. மூன்றாந் தலைமுறையில் எல்லா வகைக்கும் வந்துவிட்டது. இரிஸும் 2017 மைவியும் ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை. எனவே மேனுவல் கியருக்காக இரண்டாந் தலைமுறை மைவியைத் தேடும் தம்பிமார்கள் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்து தேட வேண்டும். எனக்கு அதில் சம்மதமில்லை.

ராலி பந்தயம் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். நம் நாட்டுக் கரம்ஜிட் சிங் 2002இல் உலக ராலியின் புரொடக்ஷன் பிரிவில் வெற்றி வாகை சூடியது நமக்கெல்லாம் பெருமை. 2011இல் அலிஸ்டர் மெக்ரே சத்ரியா நியோவில் ஆசிய பசிபிக் ராலி பட்டம் வென்றார். அவர்கள் ஓட்டியது அடைத்து வைத்த சாலையில், இரும்புக் கூண்டுக்குள், தலைக்கவசத்தோடு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வளைவு வளைவாகப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். நம் தோட்டத்துச் சாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை எந்த வளைவில் நிற்கிறது என்று யாரும் படித்துச் சொல்வதில்லை.

இனித் தாயார் கேட்ட கணக்கு. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி, முதலிலேயே போய்விடும். மாதத் தவணை 500 என்றால் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது ஆண்டுக் கடன் என்றால் 108 மாதம், மொத்தம் 54,000 வெள்ளி. விற்பவர் 'மாதம் 500தான்' என்பார். நீங்கள் 54,000 என்று மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு பெட்ரோல். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 1,440 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 96 லிட்டர், 12 ஓடும் வண்டிக்கு 120 லிட்டர். பொதுவாக மைவி குறைவாகக் குடிக்கும், இரிஸ் கூடுதலாகக் குடிக்கும்.

விற்கும்போதும் மைவிக்கு விலை நிற்கும், இரிஸுக்குச் சீக்கிரம் இறங்கும். இதைத் திருப்பிப் பார்த்தால், இரண்டாங்கையில் வாங்குகிறவருக்கு அதே காசில் வயது குறைந்த இரிஸ் கிடைக்கும் என்றும் ஆகிறது. உதிரிப் பாகம் மைவிக்கு எந்தச் சின்னப் பட்டணத்துப் பட்டறையிலும் உண்டு. இரிஸ் இன்ஜினில் டைமிங் பெல்ட், மைவியில் சங்கிலி. பெல்ட் மாற்றிய பில்லைக் காட்டச் சொல்லாமல் இரிஸுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சாமான் வைக்கும் இடமும் மைவியில்தான் அதிகம்: 277 லிட்டர், இரிஸில் 215. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது இது தெரியும்.

ஜாமீன் கையெழுத்து என்பது சாட்சிக் கையெழுத்து அல்ல, அம்மா. மகன் கட்டாவிட்டால் வங்கி உங்களைக் கேட்கும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலே அறிவிப்பு அனுப்பி வண்டியை இழுத்துக்கொள்ளும் வேலை தொடங்கிவிடலாம். ஏலத்தில் விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால் மீதியும் உங்கள் தலையில். எனவே கையெழுத்துக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று மாதம், மாதா மாதம் 500 வெள்ளியையும் பெட்ரோல் காசையும் மகன் உங்கள் கையில் கொண்டுவந்து தரட்டும். அதுவே பிறகு முன்பணமும் ஆகும். தந்துவிட்டால் தைரியமாகப் போடுங்கள். இடையில் நின்றுபோனால் அவனுக்கே விஷயம் விளங்கிவிடும், நீங்கள் மறுத்துப் பேச வேண்டியதில்லை.

காப்புறுதியில் ஓட்டுபவர்கள் பெயரைச் சேர்க்க மறவாதீர்கள். பெயரில்லாதவரோ 'பி' ஒட்டிய புது ஓட்டுநரோ இடித்தால் முதல் 400 வெள்ளி நம் கையிலிருந்து என்பது வழக்கமான நிபந்தனை. வாங்கியபின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது, உறுமும் எக்ஸாஸ்ட் மாட்டுவது போன்ற வேலைகளுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மன் வரும், விபத்தில் காப்புறுதிக்காரரும் கேள்வி கேட்பார். அதற்கு முன் தோட்டத்துச் சாலைக் குழியே பதில் சொல்லிவிடும்.

என் முடிவு கேட்டீர்களானால், வீட்டுக்கு ஒரே கார் என்றால் மூன்றாந் தலைமுறை மைவி 1.5. மகன் மட்டுமே பெரும்பாலும் ஓட்டுவான், நெடுஞ்சாலைதான் அதிகம், சர்வீஸ் புத்தகம் ஒழுங்காக உள்ள 1.6 மேனுவல் இரிஸ் கண்ணில் பட்டது என்றால் அதையும் நான் தடுக்க மாட்டேன்.

எதுவானாலும், பார்க்கப் போகும்போது மகனோடு நீங்களும் போங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையைச் சாக்காகச் சொல்வார்கள். அது போதாது, உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மகன் முன்னால் ஓட்டட்டும், நீங்கள் பின் ஆசனத்தில் உட்காருங்கள். கடைவாசல் தார்ச்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடாமல், மேடு பள்ளமான ஒரு சாலைக்கும் ஓட்டச் சொல்லுங்கள். அடியில் தட்டும் சத்தம் பின்னால் இருப்பவருக்குத்தான் முதலில் கேட்கும்.