பதினெட்டுக்குப் பிறகு

ஆட்டிசம் என்றதும் நம் கண்முன் வருவது குழந்தைதான். அந்தக் குழந்தை முப்பது வயதுக்காரராகிப் பல்வலியால் துடிக்கும்போது எங்கே போவது? 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் உடல்நலத் திட்டமும் அதன் மாவட்ட மையங்களும் 18 வயதோடு கைவிட்டுவிடுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தின் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் தொலைவான ஊரிலிருந்து அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, வளர்ந்த மகனை இரண்டு பேருந்து மாறி அழைத்துப்போக முடியுமா? பக்கத்து மருத்துவமனையிலோ நெரிசல், கண் கூசும் விளக்கு, டோக்கன் எண்ணைக் கூவும் குரல். வலி எங்கே என்று சொல்ல வராதவர் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுகிறார். அதை முரட்டுத்தனம் என்று முடிவுகட்டி, தூக்க மாத்திரை கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. பல் சொத்தையாகவே இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் கிடைக்கும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, நல்ல திட்டம். ஆனால் பணத்தால் மட்டும் பொறுமையான மருத்துவர் கிடைத்துவிடமாட்டார். சிகிச்சையில் முன்னுரிமை தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் வாரம் ஒரு பிற்பகல், அமைதியான ஓர் அறை, முன்கூட்டியே குறித்த நேரம், பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் இருந்தால் போதும். புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கையில் இதைத் தொடங்கிவைக்கலாம்.