சிரிப்பைச் சேர்த்த செயலி: அடையாளக் குறிப்பு மட்டும் போதுமா?

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கிப் பேரணியாகச் சென்ற மல்யுத்த வீராங்கனைகளை டெல்லி காவல்துறை தடுத்துக் காவலில் வைத்தது. காவல் வாகனத்தில் வினேஷ் போகத்தும் சங்கீதா போகத்தும் இறுகிய முகத்துடன் இருந்த படம், செயற்கை நுண்ணறிவால் திருத்தப்பட்டு, சிரித்த முகங்களுடன் பரவியது. முகபாவம் மட்டுமே மாறியது. போராட்டமே நாடகம் என்ற பொருள் அதில் ஏற்றப்பட்டது.

இத்தகைய படங்களின் பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தில் அடையாளக் குறிப்பு இடம்பெற வேண்டும் என 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதி கூறியது. 2026 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளில் அந்த அளவு கைவிடப்பட்டது. அடையாளமிடும் கடமை நீடிக்கிறது.

ஆனால், ஓரத்தை வெட்டினால் குறிப்பு மறைந்துவிடும். திரைப்பிடிப்பு எடுத்தால் கோப்பில் பதிந்த விவரமும் உடன் வராது. அன்று பொய்யை அம்பலப்படுத்தியது மூலப் படத்துடனான ஒப்பீடே. எனவே, மூலப் படங்களைப் பாதுகாப்பதும் விதிகளுக்கு இணையான தேவையாகும்.