பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமா?



ஆண்டிபட்டி மானாவாரி நிலங்களும் நெசவுத் தறிகளும் உள்ள பகுதி. விடியுமுன் கூலி வேலைக்குக் கிளம்பும் தாய்க்கும், சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் அதிகாலையிலேயே தறியில் அமரும் தந்தைக்கும் பிள்ளைக்குக் காலை உணவு சமைத்துக் கொடுக்க எப்போதும் நேரம் வாய்ப்பதில்லை. வெறும் தேநீரைக் குடித்துவிட்டு வகுப்பில் அமரும் குழந்தை மதிய மணிக்காகவே காத்திருக்கும்.

அந்த மதிய உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 1984இல் அவர் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபோதே அவரைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தது இதே ஆண்டிபட்டிதான். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

இதனால் கல்வி வளர்ந்ததா? 2019இல் தனிகா சக்ரவர்த்தி, ராஜஸ்ரீ ஜெயராமன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பதில் தருகிறது. ஓராண்டுக்கும் குறைவாக மதிய உணவு பெற்றவர்களைவிட, ஐந்தாண்டுகள் வரை பெற்ற குழந்தைகளின் வாசிப்பு மதிப்பெண் 18 விழுக்காடும், கணித மதிப்பெண் 9 விழுக்காடும் உயர்ந்திருந்தன. உணவு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருவதோடு நிற்கவில்லை, கற்கவும் வைத்திருக்கிறது.

ஆனால் மதிய உணவு காலைப் பசியைத் தீர்க்காதே! இக்குறையைப் போக்கவே 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டது. முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே. திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகள் காத்திருந்தனர். 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில் தொடங்கி, ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் இது விரிந்தது. நன்றியோடு வரவேற்போம்.

அத்துடன் நம் கடமை முடிந்ததா? 2025 விரிவாக்கமும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆறாம் வகுப்புக்குச் சென்றதும் பசி நின்றுவிடுமா? கடன் வாங்கிக் கட்டணம் கட்டி நம் மெட்ரிக் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கூலித் தொழிலாளர்களும் உண்டு. சுயநிதிப் பள்ளிகள் இத்திட்டத்திற்குள் வராததால் அப்பிள்ளைகளின் பசி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நம் பள்ளிகளில் மதிப்பெண் குறைந்தால் பெற்றோரை அழைக்கிறோம். பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கிறோமா?

யாயிரின் மகளை உயிர்ப்பித்த இயேசு, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி அங்கிருந்தோரிடம் கூறினார் (மாற்கு 5:43). உயிர் கொடுத்தவர் உணவையும் மறக்கவில்லை. அச்சிறுமிக்கு வயது பன்னிரண்டு, நம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது! பங்குப் பேரவைகளும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், பள்ளி நிர்வாகங்களும் இணைந்தால், விடுபட்ட இப்பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் காலை உணவு தர நம்மால் இயலாதா? முதலில் அவர்கள் எத்தனை பேர் எனக் கணக்கெடுப்போம். அரசின் கை எட்டாத இடத்தில் நம் கை நீளட்டும்.